ராஜபாளையம் நாய்க்குத் தயிர்ச்சாதமும் கோழிக்கறியும் மட்டும் போதுமா?

வைகைக்கரை:
வணக்கம். எங்கள் ராஜபாளையம் நாய்க்கு வயது நான்கு, எடை 25 கிலோ. ஓராண்டாகக் கடைத்தீவனத்தை நிறுத்திவிட்டு, காலையில் தயிர்ச்சாதமும், இரவில் எலும்பில்லாத கோழிக்கறி 200 கிராம் சேர்த்த சாதமும் கேரட்டும் கொடுத்து வருகிறோம். விரும்பித்தான் சாப்பிடுகிறது. ஆனால் சில வாரங்களாக மூக்கைச் சுற்றியும் பாதங்களிலும் தோல் தடித்துச் செதில் உதிர்கிறது. இயற்கையான உணவு என்று நம்பித் தொடங்கியதால், மறுபடி பாக்கெட் தீவனத்துக்குத் திரும்ப மனம் வரவில்லை. இந்தச் சாப்பாட்டில் எது குறைகிறது?

பஞ்சகல்யாணி:
முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உண்ணிப்பேனோ பூஞ்சையோ இருந்தால் உணவை மாற்றிப் பயனில்லை. அவை இல்லையென்றால், நீங்கள் சொல்லும் இடங்களில் தோல் தடிப்பது துத்தநாகக் குறைபாட்டிலும் வரக்கூடியது. கோழியின் நெஞ்சுக்கறியில் துத்தநாகம் குறைவு; ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும் அதைவிட அதிகம்.

அதைவிடப் பெரிய குறை சுண்ணாம்புச்சத்து. 200 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 400 மில்லிகிராம் இருக்க, கால்சியம் 30 மில்லிகிராமைத் தாண்டாது. உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலேயே அது மாதக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும். உங்கள் நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1250 கலோரி தேவைப்படும் என்று கொண்டால், கால்சியம் ஒன்றரை கிராம் வேண்டும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, உலர்த்தி, மிக்சியில் மாவாக அரைத்தால், ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 1.9 கிராம் கால்சியம் கிடைக்கும். முக்கால் கரண்டிக்குச் சற்று மேல் போதும். இந்தக் கணக்கு குட்டிகளுக்குப் பொருந்தாது.

தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை வீட்டுச் சமையலில் எளிதில் விடுபடுபவை. 2013இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. ஆகவே மருத்துவர் சொல்லும் சத்துப்பொடியைச் சேர்ப்பதை இயற்கைக்கு விரோதம் என்று எண்ண வேண்டாம்.

கரிசல்காட்டான்:
எங்கள் பக்கம் சிப்பிப்பாறை நாய்களுக்குக் கேழ்வரகுக் கூழும் மோரும்தான் ஊற்றினார்கள், அவை நன்றாகத்தானே இருந்தன என்பார்கள். அது பாதி உண்மை. பகலெல்லாம் காட்டில் திரிந்த அந்த நாய்கள் எலியையும் முயலையும் எலும்போடும் ஈரலோடும் தின்றதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கேழ்வரகு நல்ல தானியம்தான்; 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தை உடலில் சேரவிடாது என்பதால், இப்போதைக்குச் சாதமே இருக்கட்டும்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: கோழிக்கறி மீந்த நாட்களில் எங்கள் குழம்பையே சிறிது ஊற்றிப் பிசைந்திருக்கிறோம். வெந்த எலும்பும் ஒன்றிரண்டு போயிருக்கும்.

பஞ்சகல்யாணி:
இரண்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைப்பதால் அந்த நஞ்சு போவதில்லை, குழம்பில் கரைந்துதான் இருக்கும். ஈறு வெளுத்திருந்தாலோ சிறுநீர் பழுப்பாகப் போனாலோ காத்திருக்கக் கூடாது. வெந்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். கறியை உப்பு, மசாலா இன்றித் தனியாக வேகவைத்து எடுத்து வைத்துவிட்டு, பிறகு உங்கள் குழம்பைக் கூட்டுங்கள். வாரம் இருமுறை ஆட்டு ஈரல் 40 கிராம் போதும். மிகுந்தால் வைட்டமின் ஏ உடலில் தேங்கிவிடும். புதிய உணவுக்கு ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள், தோல் பரிசோதனை முடிவையும் இங்கே எழுதுங்கள்.