மறு: ரன்-அப்: ‘ஏறுமட்டம்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

ஆழிப்பேரலை (சுனாமி) பற்றிய ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘அலை உயரம்’ என்ற சொல் இருக்கும்போது ரன்-அப்புக்குத் தனிச்சொல் எதற்கு?

கட்டாயம் வேண்டும் ஐயா. அலை உயரம் கடலுக்குள் அளப்பது. ரன்-அப் என்பது, நீர் நிலத்துக்குள் கடைசியாகப் போய் நின்ற இடம் கடல்மட்டத்தைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்பது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு மேற்கே, இந்தியப் புவித்தட்டு பர்மா புவித்தட்டுக்கு அடியில் சொருகும் இடத்தில், சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓடிக் கடல்தரை எழும்பியது, அதற்கு மேலே நின்ற தண்ணீர் மொத்தமும் அதோடு தூக்கப்பட்டது. அந்த அலையை நடுக்கடலில் ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தபோது உயரம் ஏறத்தாழ 60 செ.மீ. தான்! 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வருவது, 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ. ஆகிவிடும். முன்பகுதி வேகம் குறைய, பின்னால் நூறு கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கும் தண்ணீர் நெருக்கிக்கொண்டு வருவதால்தான் உயர்கிறது. சாதாரண அலை சில நொடிகளில் திரும்பிவிடும், இது பல நிமிடம் விடாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ‘கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு’ என்றுதான் சொல்வார்கள், அறிவியலும் அதையேதான் சொல்கிறது.

‘அலையேற்றம்’ என்று இங்கே ஒருவர் முன்வைத்தார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் ஏற்றவற்றம் என்று அன்றாட ஓதத்துக்கு (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதற்கு) ஏற்கெனவே சொல் இருக்கிறது, குழம்பும். ஏறுமட்டம் என்றால் குழப்பமில்லை, அளக்கும் முறைக்கும் பொருந்துகிறது. சுவரில் படிந்த சேற்றுக்கோடு, வேலிமுள்ளில் சிக்கிய வைக்கோல், உப்புநீர் பட்டுக் கருகிய செடி எதுவரை இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தின் உயரத்தை மட்டக்கருவியால் எடுத்து, அலை வந்த நேரத்து ஓதத்தைக் கழிப்பார்கள். ஆக அது ஒரு மட்டம்.

> அப்படியானால் நீர் உள்ளே வந்த தூரத்துக்கும் அதே சொல் போதுமா?

போதாது. அதற்குப் ‘புகுதொலைவு’ என்று தனியாக வைப்போம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பாறை கொட்டி உயர்த்திய கரையில் நீர் மேலே ஏறலாம், ஆனால் நகருக்குள் அதிகம் போகாது. நம் சோனாங்குப்பத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பனாறு, நடுவில் தட்டையான மணல். இப்படிப்பட்ட இடத்தில் ஏறுமட்டம் கொஞ்சமாக இருந்தாலும் நீர் வெகுதூரம் போகும், முகத்துவாரம் வழியாகப் புகுந்தால் இன்னும் தூரம். செய்தித்தாள்கள் இரண்டையும் ‘அலையின் அளவு’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன, படிப்பவருக்கு எதுவும் விளங்காது. 1991 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு என்று வைத்தது தொலைவை. வீட்டுத் தளத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று ஒரு மீனவர் கேட்டால் அவருக்குத் தேவைப்படுவது மட்டம்.

அப்புறம், ‘உள்வாங்கல்’. மக்கள் வாயில் உள்ள சொல், அப்படியே எடுத்துக்கொள்வோம். ஆனால் போன மடலில் வந்த வரையறையை, ‘பேரலைக்கு முன் கடல் பின்வாங்குவது’ என்பதை, நான் ஏற்கமாட்டேன். 2004-இல் தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது. பிளவுக்கு மேற்கே தரை உயர்ந்ததால் நம் பக்கம் வந்த அலையில் முகடுதான் முன்னால். கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று நம்பிக் காத்திருப்பவருக்கு ஓட நேரம் இருக்காது. முதல் அலைக்குப் பிறகு கடல் உள்வாங்கும்போது மீன் பொறுக்கவோ படகைப் பார்க்கவோ இறங்குவதும் அதே அளவு ஆபத்து, அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

என் வரையறை இது: ‘உள்வாங்கல்: ஆழிப்பேரலையின் பள்ளம் கரையை அடையும்போது கடல் வழக்கமான எல்லைக்கு அப்பால் பின்வாங்குவது, முதல் அலைக்கு முன்னும் நிகழலாம், அலைகளுக்கு இடையிலும் நிகழலாம், நிகழாமலும் போகலாம்.’ நீளம்தான், ஆனால் அந்தக் கடைசி இரண்டு சொற்களை யாரும் வெட்ட வேண்டாம். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.

கடலூரிலிருந்து