மஞ்சள் கேனில் மண்ணெண்ணெய் மட்டும் இருக்கவில்லை: புயல் இரவுகளில் விளக்கு ஏற்றியவர்கள் எழுதுங்கள்

கரியாப்பட்டினத்தான்:

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் ஊரைக் கடந்து போனது. வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை போயிற்று, ஓடு போயிற்று, மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மறுபடி மின்சாரம் வர 26 நாள் ஆயிற்று. புயல் போன நான்காம் நாள் இரவு எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுத வந்தேன். மழைக்காலம் நெருங்குகிறது. யாராவது ஒருவர் படித்துவிட்டுத் தன் வீட்டுக் கேனை ஒருமுறை முகர்ந்து பார்த்தால் போதும்.

பரணில் தாத்தா காலத்து அரிக்கேன் விளக்கு ஒன்று கிடந்தது. இறக்கித் துடைத்து, கண்ணாடியைச் சாம்பல் போட்டுக் கழுவி, புதுத் திரி போட்டோம். பக்கத்து வீட்டில் ரேஷன் மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர் கொடுத்தார்கள். அதை வாங்கிவரத் தம்பி எடுத்துப் போனது ஒரு மஞ்சள் கேன். முந்தின நாள் அதே கேனில்தான் ஜெனரேட்டருக்கு பெட்ரோல் வாங்கி வந்திருந்தான். “கவிழ்த்து வடித்துவிட்டேன் அண்ணா” என்றான். உண்மைதான், வடித்திருந்தான். ஆனால் அந்த மாதிரிக் கேனின் கைப்பிடி உள்ளே கூடாக இருக்கும். கவிழ்த்தாலும் அந்த வளைவில் கொஞ்சம் தங்கிவிடும். வாடை வரவில்லையா என்று கேட்பீர்கள். அழுகிய இலை, செத்த மாடு, பிளீச்சிங் பவுடர் என்று எந்த வாடையும் தனியாகத் தெரியாத நாட்கள் அவை. ரேஷன் எண்ணெயின் நீலச் சாயமும் அப்படியே இருந்தது. நிறத்தை வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏழு மணிக்கு ஏற்றினோம். எட்டரை மணி வாக்கில் சுடர் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் துள்ளியது. எண்ணெய் குறைந்துவிட்டது என்று நினைத்து, சித்தி திரியை மட்டும் இறக்கிவிட்டு, விளக்கை அணைக்காமலே தொட்டி மூடியைத் திருகினார். ‘பக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நீலமாக ஒரு நாக்கு அவர் முழங்கை வரை ஏறியது. கையிலிருந்த பிளாஸ்டிக் வளையல் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அம்மா ஈரச் சாக்கை எடுத்துச் சித்தியின் மேல் போர்த்தி அழுத்தினார். விளக்கு கவிழ்ந்து தரையில் ஓடிய எண்ணெயில் தீ பரவிக்கொண்டிருந்தது. தம்பி வாளித் தண்ணீரை ஓங்கினான். அப்பா அவன் கையைத் தட்டிவிட்டு, வாசலில் குவித்திருந்த மணலை அள்ளிப் போட்டார். தண்ணீர் ஊற்றியிருந்தால் எண்ணெய் அதன் மேல் மிதந்து பாய் வரைக்கும், கொசுவலை வரைக்கும் போயிருக்கும். வலைக்குள் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு வேதியியல் ஆசிரியரிடம் கேட்டேன். நல்ல மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி பற்றும். பெட்ரோலின் ஆவியோ பனி உறையும் குளிரிலும் பற்றும். சிறிது கலந்தாலே மண்ணெண்ணெயின் குணம் மாறிவிடும். ஒன்றரை மணி நேரம் எரிந்த விளக்கின் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் கலப்படமில்லாத எண்ணெயிலும் ஆவி சேர்ந்திருக்கும். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு தவறு ஒன்றாகச் சேர்ந்தது. தம்பியின் கேன் ஒன்று, எரிகிற விளக்கின் மூடியைத் திறந்தது இன்னொன்று. இரண்டாவதற்குச் சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த விளக்கை அன்றாடம் கையாண்ட பாட்டி இருந்திருந்தால் அவர் கையைப் பிடித்திருப்பார். விளக்கு மட்டும் பரணில் மிஞ்சியிருந்தது. அதைப் புழங்கிய கை வீட்டில் இல்லை.

வடமராட்சியாள்:

அண்ணா, சித்தியின் கை இப்போது எப்படி இருக்கிறது? வாசித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் போர்க்காலத்தில், 1990க்குப் பிறகு ஐந்தாறு வருடங்கள் மின்சாரமே இல்லாமல் இருந்தோம். மண்ணெண்ணெய்க்குத் தடை, கிடைத்தாலும் விலை கேட்க நெஞ்சடைக்கும். அரிக்கன் லாம்பு எண்ணெய் குடிக்கும் என்று எல்லா வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, நூல் திரியைச் சின்னக் குழாயில் கோத்துக் கம்பியால் உள்ளே தொங்கவிடுவோம். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றும் அணைக்காது. அந்த வெளிச்சத்தில்தான் நான் சாதாரண தரப் பரீட்சைக்கு (உங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரி) படித்தேன். சிக்கனத்துக்காகச் செய்த அந்த விளக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை. தட்டிவிட்டாலும் ஊற்றிக்கொள்ள அதில் எண்ணெய் கிடையாது. பஞ்சு பிடித்து வைத்திருக்கும்.

பயங்கரமானது குப்பி விளக்கு. நெட்டையான போத்தலின் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டது. மூடி இறுக்கமாக நிற்காது, போத்தல் நிறைய எண்ணெய். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை பூனையைத் துரத்திக்கொண்டு ஓடியபோது அது சரிந்தது. அந்தப் பிள்ளை பிழைத்தாள். ஆனால் கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்க முடியாமலே வளர்ந்தாள்.

இலங்கையின் தெற்கில் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ‘சுதீப’ என்ற விளக்கை வடிவமைத்தார். குட்டையாக, கனமாக, இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும், விழுந்தாலும் உருளாது. மூடி திருகி இறுக்குவது, அதனால் எண்ணெய் சிந்தாது. 1998இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு போத்தலின் உருவத்தை மாற்றி எத்தனை பிள்ளைகளின் தோலைக் காத்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் என் கண் கலங்கும்.

பெட்ரோமாக்ஸ் வீட்டுப் பிள்ளை, கடலூர்:

என் அப்பா கல்யாணத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். ஒருநாளும் வீட்டுக்குள் பற்றவைக்க மாட்டார். வாசலில் வைத்து, ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, மேண்டில் வெள்ளையாகப் பிடித்து ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் சீரான பிறகுதான் தூக்குவார். அணைக்கும்போது முதலில் காற்றைத் திறந்துவிடுவார். தொட்டிக்குள் அழுத்தம் இருக்கும்போது எண்ணெய் மூடியில் கை வைக்கவே கூடாது. இந்த விளக்கில் பெட்ரோல் கலந்தால் அது விளக்கே இல்லை, குண்டு.

நான் சொல்ல வந்தது தீயைப் பற்றி அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. அடுத்த நாள் இரவும் குளிர்காற்று நிற்கவில்லை. உறவினர் வீட்டில் உடைந்த சன்னலைத் தார்ப்பாய் போட்டு அடைத்து, கதவிடுக்கில் கோணி திணித்து, ஆறு பேர் ஒரே அறையில் படுத்தார்கள். எங்களிடமிருந்து வாங்கிப் போன பெட்ரோமாக்ஸ் நடுவில். விடியற்காலை மூன்று மணிக்குச் சின்னப் பையன் எழுந்து வாந்தி எடுத்தான். அவன் அம்மாவுக்குத் தலை பிளக்கிற வலி, எழுந்தால் கால் தள்ளாடியது. நிவாரணப் பொட்டலச் சோறு கெட்டுப்போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்பா போய்க் கதவைத் திறந்ததும் விளக்கைத்தான் முதலில் வெளியே எடுத்தார், பிறகு ஆட்களை.

அடைத்த அறையில் விளக்கு எரிந்து சேர்ந்த கார்பன் மோனாக்சைடு வாயு அது. மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிகூடத் தெரியாமல் போகலாம். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். இருட்டு பயமாக இருக்கிறது என்றால் குழந்தையின் பக்கத்தில் ஒரு டார்ச் இருக்கட்டும். எரிகிற நேரத்தில் எதிரெதிராக இரண்டு இடத்தில் காற்று வர வழி வேண்டும். சாரல் அடிக்கிறது என்று ஒன்றை அடைத்தால் மற்றதை அகலத் திறந்து வையுங்கள்.

இரவுப்பணிச் செவிலி:

பணி முடிந்து வந்ததால் சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் வார்டுக்கு விளக்குத் தீயைவிட அதிகமாக வருவது, மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்து, குழந்தை எடுத்துக் குடித்தது. மின்சாரம் இல்லாத இருட்டில் பெரியவர்களும் குடித்திருக்கிறார்கள். தயவுசெய்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். வயிற்றில் இருக்கும்வரை செய்கிற கேட்டைவிட, திரும்ப மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்ச் செய்கிற கேடு பெரிது. உடனே 108ஐ அழையுங்கள். குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் அழையுங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

தீக்காயத்துக்கு ஓடுகிற தண்ணீர், 20 நிமிடம். பற்பசை, மை, தோசை மாவு தடவி வருகிறவர்களுக்கு அதைச் சுரண்டி எடுக்கும்போது அவர்கள் போடும் சத்தத்தை நான் தினம் கேட்கிறேன்.

கரியாப்பட்டினத்தான்:

எல்லோருக்கும் நன்றி. வடமராட்சி அக்கா, சித்தியின் கை ஆறிவிட்டது. வளையல் இருந்த இடத்தில் மட்டும் தழும்பு வட்டமாக நிற்கிறது. அன்று இரவு அடிபம்பை மாறி மாறி அடித்து அவர் கையைத் தண்ணீரில் வைத்திருந்தோம். அதுதான் காப்பாற்றியது என்று மருத்துவரும் சொன்னார். கடலூர்த் தம்பி எழுதியதைப் படித்த பிறகுதான் நாங்களும் அந்த நாட்களில் சன்னலை அடைத்துப் படுத்தது நினைவுக்கு வந்தது.

இப்போது மண்ணெண்ணெய் கேனுக்கு நீலப் பெயிண்ட் அடித்து, கழுத்தில் ஒரு சணல் கயிறு கட்டியிருக்கிறோம், இருட்டில் தடவினாலும் தெரிய வேண்டும் என்று. பெட்ரோல் கேன் வீட்டுக்குள் வருவதில்லை. விளக்குக்கு இடம், திண்ணைத் தூணில் ஆள் உயரத்தில் அடித்த கொக்கி. எண்ணெய் ஊற்றுவது பகலில், வாசலில், விளக்கு ஆறிய பிறகு. தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் இல்லை, சூட்டில் எண்ணெய் விரிய இடம் வேண்டும். ரேஷனில் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டது. கிடைக்காதபோது டீசல், தின்னர் என்று கையில் கிடைத்ததை ஊற்றுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தன் கையைக் காட்டும்படி சித்தியிடம் சொல்கிறேன். காட்டுகிறார்.

நேற்று வானம் கறுத்தபோது விளக்கை எடுத்து நிரப்பினேன். சித்தி அதைத் தொடவில்லை. திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திருகிவிட்டு நிமிர்ந்தேன்.

“இன்னும் ஒரு சுற்று” என்றார்.