தாத்தா பேனா மூடியில விரிசல், ஒட்டலாமா?

வெள்ளவாரி:
வணக்கம் மக்களே. வீட்டு பரண்ல இருந்த டிரங்க் பெட்டிய காலி பண்ணப்ப தாத்தாவோட மைப்பேனா ஒண்ணு கெடச்சுது. பிரெஞ்சுக்காரன் காலத்துல அவரு இங்க பாண்டில குமாஸ்தாவா இருந்தவரு. பேனா உடம்புல ஜிஃப் வாட்டர்மேன்னு பொறிச்சிருக்கு, பச்சையும் கருப்பும் கலந்த மார்பிள் டிசைன். நிப்பு நல்லாவே இருக்கு. மூடிதான் பிரச்சன, வாய் ஓரத்துல அரிசி சைஸுக்கு ஒரு சில்லு பேந்து போயிருக்கு, அதுக்குப் பக்கத்துலேந்து மெல்லிசா ஒரு விரிசல் மேல வளையம் வரைக்கும் ஓடுது, மூடிய திருகி இறுக்கினா அது லேசா வாயத் திறக்குது. பெவிக்விக் ஒரு சொட்டு விட்டா முடிஞ்சுதுன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. எனக்கு கை வைக்க பயமா இருக்கு. என்ன பண்ணலாம்?

மஞ்சக்குப்பம்_மாமா:
தம்பி, அந்த பெவிக்விக்க மொதல்ல பீரோவுல வச்சு பூட்டு. மூடி வாய் திருகும்போதெல்லாம் விரியிற இடம், அந்தப் பசை காஞ்சா கண்ணாடி மாதிரி மொடமொடன்னு ஆயிடும், திரும்ப அதே கோட்டுல விடும். அதைவிட மோசம், விரிசலுக்குள்ள பசை போயிட்டா அப்பறம் முறையா செய்யவே முடியாது, சொரண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும்.

மொதல்ல அது என்ன பொருள்னு பாரு. மூடிய துணியில நல்லா தேச்சு சூடாக்கி மோந்து பாரு. சூடம் வாசன வந்தா செல்லுலாய்டு, அதாவது அந்தக் காலத்து பிளாஸ்டிக். ரப்பர் கந்தக வாசன வந்தா எபோனைட், அதாவது கந்தகம் சேத்து கெட்டியாக்குன ரப்பர். 30கள், 40கள்ல வந்த மார்பிள் டிசைன்னா பெரும்பாலும் செல்லுலாய்டுதான். அதுல சூடம் சேத்துதான் செய்வான், வருஷக்கணக்குல அது ஆவியா போகப் போக பிளாஸ்டிக் சுருங்கும், உலோக வளையம் சுருங்காது, அதான் வளையத்துகிட்டயே விரிசல் விடறது.

வெள்ளவாரி:
மாமா, பிள்ளையாருக்கு ஏத்துற அதே வாசன! அப்ப அடுத்து?

மஞ்சக்குப்பம்_மாமா:
அப்ப ஆசிட்டோன். அது ஒட்டாது, உருக்கும், ரெண்டு பக்கமும் கரைஞ்சு ஒண்ணா சேந்துக்கும். நகப்பாலிஷ் ரிமூவர் வேணாம், அதுல எண்ணெ, வாசனல்லாம் கலந்திருப்பான், சுத்தமானதா கெமிக்கல் கடைல வாங்கு. மூடிய பச்சத்தண்ணியில கழுவி பழைய மைய போக்கி நல்லா காய விடு. பென்சில்ல பிளம்பர் சுத்துற டெஃப்லான் டேப்ப சுத்தி மூடிக்குள்ள லூசா விடு. விரலால விரிசல இத்தனூண்டு விரிச்சு மெல்லிய பிரஷ்ஷால முனைல தொட்டா போதும், அதுவே உறிஞ்சிக்கிட்டு உள்ள ஓடும். உடனே சேத்து நூலால சுத்திக் கட்டி வை. மூடிக்குள்ள இருக்கற சின்ன உள்மூடி மேலயும் மரை மேலயும் படாம பாத்துக்க, மரை குழைஞ்சா மூடி ஜென்மத்துக்கும் திருகாது. ஒரு வாரம் தொடாத. கேஸ் அடுப்பு, விளக்கு பக்கத்துல செய்யாத, ஆசிட்டோன் ஆவியும் பத்தும், செல்லுலாய்டு அதைவிட வேகமா பத்தும்.

நிப்புப்பட்டறை:
மாமா சொன்னதுல ஒண்ணு விட்டுட்டாரு, ஈரப்பதம். நம்ம ஊரு கடல்காத்துல, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில ஆசிட்டோன் ஆவியாகும்போது அந்த எடம் குளுந்து காத்துல இருக்க தண்ணி மேல படிஞ்சு வெள்ளையா பூத்துக்கும். நல்லா வெயில் காயற நாள்ல, வீட்டுக்குள்ள நிழல்ல செய்யுங்க ப்ரோ.

சில்லுக்கு வெறும் ஆசிட்டோன் பத்தாது. செல்லுலாய்டு துகள அதுல ஊற வச்சு தேன் பதத்துக்கு பசை பண்ணணும். உடைஞ்ச பழைய பேனா, செல்லுலாய்டு கிட்டார் பிக் எதுனா பாருங்க. 2014க்கு முந்தின டேபிள் டென்னிஸ் பந்தும் செல்லுலாய்டுதான், ஆனா பெரும்பாலும் வெள்ளை. ஞாயித்துக்கிழம காந்தி வீதி சந்தையில உடைஞ்ச பேனா குவியல்ல தேடினா கலர் ஓரளவு மேட்ச் ஆகும். மெலிசா ஒரு பூச்சு, ஒரு நாள் காய விட்டு அடுத்த பூச்சு, மட்டத்துக்கு மேல மேடா வர்ற வரைக்கும், ஏன்னா காய காய சுருங்கி பள்ளமாயிடும். அவசரப்பட்டு சீவாதீங்க, குறைஞ்சது மூணு வாரம், மாசக்கணக்குல விட்டா இன்னும் நல்லது. அப்பறம் தண்ணி தொட்டு தேய்க்கற உப்புத்தாள், அதான் வாட்டர் பேப்பர், 400 நம்பர்ல ஆரம்பிச்சு நைசான 2000 வரைக்கும், கடைசியா பித்தளை தேய்க்கற பிராஸோ பாலிஷ். மெஷின் பாலிஷ் வேணவே வேணாம், சூட்டுல செல்லுலாய்டு போயிடும்.

உண்மைய சொன்னா, நானா இருந்தா விரிசல மட்டும் சேத்துட்டு சில்லை அப்படியே விட்டுடுவேன். மார்பிள் டிசைன்ல ஒட்டு எப்படியும் தெரியும், தாத்தா பேனாவுல சில்லு இருந்தா என்ன.

மஞ்சக்குப்பம்_மாமா:
சில்லை விடக்கூடாது, அந்த மூலையிலேந்துதான் அடுத்த விரிசல் கெளம்பும். அடைக்காட்டி போவுது, ஓரத்தையாவது வாட்டர் பேப்பரால மழுங்க வுடு.

ஓட்டி_பேனா:
குறுக்க வரேன், மன்னிக்கவும். என்கிட்ட ராஜமுந்திரி ரத்னம் எபோனைட் பேனா இருக்கு, மூடி வாய்ல சில்லு. அதுக்கும் இதே ஆசிட்டோன்தானா?

நிப்புப்பட்டறை:
இல்லைங்க, எபோனைட் ஆசிட்டோன்ல கரையாது. அதுக்கு கருப்பு எபோனைட் தூள எபாக்ஸியில, அதான் ரெண்டு டியூப் கலந்து ஒட்டற பசையில, குழைச்சு வைக்கணும். தூளுக்கு திருவள்ளூர்ல எபோனைட் பேனா கடையறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கடைசல் கழிவா நிறைய விழும். காயறதுக்குன்னு வெயில்ல மட்டும் வைக்காதீங்க, சுடுதண்ணியும் ஆகாது, கருப்பு பழுப்பாயிடும்.