சீமைக்கருவேலம் இனி புரோசோபிஸ் இல்லையா?

கரிசல் வாத்தியார்:
கல்லூரி வளாகத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வன்னிக்குப் ‘புரோசோபிஸ் சினரேரியா’, வேலியோரச் சீமைக்கருவேலத்துக்குப் ‘புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா’ என்று எழுதிக் கொடுத்தேன். பெயின்டர் தூரிகையை எடுக்கும் நேரத்தில் ஒரு மாணவி கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலைக் காட்டி, “சார், இது இப்ப நெல்டூமா ஜூலிஃப்ளோரா” என்கிறாள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? வன்னிக்கும் மாறிவிட்டதா? பலகைக்குச் செலவாகிறது, அதனால் கேட்கிறேன்.

முள்ளுக்காட்டான்:
மாணவி சொன்னது சரி. வன்னியைத் தொடாதீர்கள், சீமைக்கருவேலத்தை மட்டும் மாற்றுங்கள்.

நெல்டூமா நேற்று வைத்த பெயர் இல்லை சார். 1838-லேயே ரஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர் வைத்தது. அந்த மனுஷன் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் சூட்டுகிறவர், பின்னால் வந்தவர்கள் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1976-இல் அர்ஜென்டினாவின் தாவரவியலாளர் புர்கார்ட் 44 இனங்களையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் (லத்தீன் பெயரின் முதல் சொல் அதுதான்) ஐந்து பிரிவுகளாக அடுக்கினார். நாம் படித்ததெல்லாம் அதுதான். வெடிக்காத காய், உள்ளே சதை, ஆடுமாடு தின்று விதையைச் சாணியோடு போடும் என்பதுதான் அத்தனையையும் சேர்த்துப் பிடித்த அடையாளம். டி.என்.ஏ. ஆய்வு வந்ததும் அது நிற்கவில்லை. வறண்ட நிலத்தில் விலங்கை நம்பி விதை பரப்பும் மரங்கள், உறவே இல்லாவிட்டாலும், இப்படி ஒரு காய்க்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. 2022-இல் தாவரவியலாளர் காலின் ஹியூஸும் கூட்டாளிகளும் பேரினத்தை நாலாக உடைத்தார்கள்.

பெரிய பங்கு நெல்டூமாவுக்கு. அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து அர்ஜென்டினா, சிலி வரைக்கும் அதன் பூர்விகம். நம் ஊர் சீமைக்கருவேலம் இந்தக் கூட்டம். ஸ்ட்ரோம்போகார்ப்பாவும் அமெரிக்கக் கண்டம்தான். அதில் பலவற்றின் காய் திருகாணி மாதிரி முறுக்கியிருக்கும். சிலியின் வட பாலைவனத்தில் உப்புத்தரையில் நிற்கிற தமருகோ மரமும் இதில் சேர்த்தி. அனோனிகியத்தில் ஒரே ஒரு இனம், சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில். அதற்கு முள்ளே கிடையாது.

புரோசோபிஸில் மிஞ்சியது மூன்றே இனம்: வன்னி, மேற்கு ஆசியாவின் குத்துச்செடியான ஃபார்க்டா, ஈரான் – அரேபியா பக்கத்துக் கோல்ஸியானா. 1767-இல் லின்னேயஸ் இந்தப் பேரினத்தை ஏற்படுத்தியதே வன்னியை வைத்து. ஆகவே யார் வெளியே போனாலும் பெயர் வன்னியோடுதான் இருக்கும்.

மாணவர்களிடம் டி.என்.ஏ. பேசுவதற்கு முன் இரண்டிலும் ஒவ்வொரு கிளை ஒடித்துக் கையில் கொடுங்கள். வன்னியில் முள் குட்டை, அடி அகலம். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே கண்ட இடத்தில் முளைத்திருக்கும். சீமைக்கருவேலத்தில் இலை கிளம்புகிற கணுவிலேயே, பெரும்பாலும் ஜோடியாக, நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். முள் கிளம்பும் இடமே வேறு. இதை வைத்து இருட்டில் தடவிக்கூடச் சொல்லிவிடலாம், விரல் போனால் நான் பொறுப்பில்லை.

அல் ஐன் தமிழன்:
முள்ளுக்காட்டான் ஐயா சொன்னதோடு ஒன்று. இங்கே அமீரகத்தில் வன்னிதான் தேசிய மரம், ‘காஃப்’ என்பார்கள். மணல்மேட்டில் தண்ணீரே இல்லாத இடத்தில் பச்சையாக நிற்கும். சீமைக்கருவேலமும் வந்து சேர்ந்துவிட்டது, நிறையப் பேருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. என் அறையில் இருக்கும் ராஜஸ்தான்காரருக்கு இது ‘கேஜ்ரி’, அவர்கள் மாநில மரம். ஊரிலிருந்து காய்ந்த சாங்ரி கொண்டுவந்து கறி வைக்கிறார். அது வன்னியின் பிஞ்சுக்காய்தான். நம்மூரில் வன்னிக்காயைச் சமைத்து நான் பார்த்ததில்லை.

கண்மாய்க்கரை:
பெயர மாத்தினா வேர் செத்துருமாண்ணே? எங்க கண்மாய் பூராவும் அதான் நிக்குது. இவங்க லத்தீன்ல பட்டா மாத்திக்கிட்டு இருக்காங்க.

முள்ளுக்காட்டான்:
சாகாது தம்பி. ஆனா அதை ஒழிக்க, சொந்த ஊர்ல அதைத் தின்கிற பூச்சியைத் தேடிப் பிடிச்சு இங்க விடணும்னா உறவுக்காரங்க யாருன்னு தெரியணும். சீமைக்கருவேலத்தைத் தின்கிற பூச்சி வன்னியையும் தின்னுருமான்னுதான் முதல்ல சோதிப்பாங்க. விருத்தாசலம் கோயில்ல வன்னிதானே தலமரம்.

கரிசல் வாத்தியார்:
நன்றி ஐயா. அப்படியே நாட்டுக் கருவேலத்துக்கும் சொல்லிவிடுங்கள். ‘அகேசியா நிலோட்டிகா’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

முள்ளுக்காட்டான்:
அதுவும் போச்சு சார். அந்தப் பேரினமும் உடைந்தது; 2005 வியன்னா சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆப்பிரிக்காக்காரர்கள் இன்றுவரை பொருமுகிறார்கள். ‘வாச்செல்லியா நிலோட்டிகா’ என்று எழுதுங்கள். மூன்று பலகையிலும் தமிழ்ப் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். மாறிய இரண்டில் பழைய லத்தீன் பெயரும் அடியில் சின்னதாக இருக்கட்டும், பழைய புத்தகத்தோடு வருகிற பிள்ளைகளுக்கு வேண்டும்.