ஏழு கூனர்களின் கோபுரம் (1944): பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இரவுக்காட்சி:
ஸ்பானிய இயக்குநர் எட்கர் நெவில் எடுத்த படம், தெரியும்தானே. கதையை விடுங்கள். அந்த ரூலெட் (சூதாட்டச் சக்கரம்) காட்சிதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பாடகியை (கூடவே அவள் அம்மாவையும்!) இரவு விருந்துக்குக் கூட்டிப்போகக் காசில்லாமல் கதாநாயகன் பஸிலியோ சூதாட வருகிறான். ஒற்றைக்கண் பெரியவர் ஒருவர் ஜெயிக்கப்போகிற எண்ணைக் காட்டுகிறார். வேறு யார் கண்ணுக்கும் அவர் தெரியவில்லை. பாய்ந்து பயமுறுத்துவதெல்லாம் கிடையாது. செத்துப்போன மனிதர் அவ்வளவு மரியாதையாக வந்து நிற்கிறார். அன்றைக்கு விளக்கை அணைக்க மனசே வரவில்லை.

ரீல்பெட்டி:
பயமா? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியவரின் ஆவி வந்த வீட்டுக்கே நெப்போலியன் ஆவியும் தவறுதலாக வந்து நிற்குமே! நெவில் ஹாலிவுட்டில் சாப்ளினோடு பழகியவர். இது நகைச்சுவைக்காரர் எடுத்த பேய்ப்படம் ஐயா.

கடைசிவரிசை:
என் மாமாவுக்குப் பிறவியிலேயே முதுகு வளைவு. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரும் வந்து உட்கார்ந்தார். பூமிக்கு அடியில் கூனர் கும்பல் கள்ளநோட்டு அடிக்கும் இடம் வந்ததும், "ஏன்டா, இத்தனை பேர்ல நல்லவன் ஒருத்தன்கூட இல்லையா?" என்றார். ரீல்பெட்டி, அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரீல்பெட்டி:
சரி, ஆனால் அது எமிலியோ கரேரே நாவலில் இருந்து வந்தது. நெவில்மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

கடைசிவரிசை:
படமாக எடுத்தது யார்?

மூன்றாம்மணி:
நான் பார்த்த பிரதி பாதி இருட்டு. தலைகீழாக மண்ணுக்குள் இறங்கும் அந்தக் கோபுரம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2007இல் வந்த ஸ்பானியப் பேய்ப்படம் 'அனாதை இல்லம்' மாதிரி அழவைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். முதலில் 1492இல் ஸ்பெயின் யூதர்களை நாட்டைவிட்டு விரட்டிய ஆணையைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். போக மறுத்தவர்கள் மத்ரித்துக்கு அடியில் ஒளிந்து வாழக் கட்டிய ஊர் என்பதுதான் கதை. சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் அப்படி ஒன்றைப் படமாக்கியது எவ்வளவு விசித்திரம் என்று அப்போதுதான் உறைக்கும். நடிகர்களையும் கவனியுங்கள். ஆவியாக வரும் ஃபெலிக்ஸ் தெ போமெஸின் சொந்த மகள்தான், அந்த ஆவி காப்பாற்றச் சொல்லும் இனெஸாக நடித்த இசபெல். முடிந்தால் ராத்திரியில், ஒரே மூச்சில் பாருங்கள். செல்போனை அடுத்த அறையில் வையுங்கள்.

ரீல்பெட்டி:
இவ்வளவு படித்துவிட்டா படம் பார்ப்பது? நெப்போலியனுக்கும் ஏதாவது பாடம் உண்டா?