சூடான பிறகு சில நேரங்களில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பெட்ரோல் கார்: எதிலிருந்து சோதிப்பது?

கேள்வி

வணக்கம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் மேனுவல் கியரும் கொண்ட, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை நீண்ட காலமாக ஓட்டி வருகிறேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. நன்றாக ஓடிச் சூடேறிய வண்டியை நிறுத்திவிட்டு, பத்து இருபது நிமிடங்கள் கழித்து மீண்டும் எடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அதுவும் ஒவ்வொரு முறையும் வருவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் ஒரு முறைகூடப் பற்றுவதில்லை. அரை மணி நேரம் விட்டுவிட்டால் தானாகவே சரியாகிவிடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் சொன்னபடி பேட்டரியையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. அங்கே கொண்டு போகும் நேரத்தில் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆவதால் அவர்களால் குறையை நேரில் பார்க்க முடியவில்லை. ஸ்கேனரிலும் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. அடுத்து இக்னிஷன் காயிலை மாற்றலாம், அதற்கும் சரியாகவில்லை என்றால் ஃப்யூயல் பம்பை மாற்றலாம் என்கிறார்கள். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, பயன்படுத்தவும் தெரியும். ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் அந்த நேரத்தில் நான் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்று நீங்கள் சொன்னதிலேயே பேட்டரி, சாலினாய்டு, தடித்த கேபிள்கள், கிளட்ச் சுவிட்ச் ஆகிய அனைத்தும் சந்தேகத்திலிருந்து விலகிவிடுகின்றன. "டிக்" என்ற ஓசையோடு நின்றுபோகும் வண்டிக்குத்தான் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறதா, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

குறை தோன்றும் நேரத்தில் முதலில் சாவியை "ஆன்" நிலையில் மட்டும் வையுங்கள். பின்னிருக்கைப் பக்கமிருந்து பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடும் ஓசை வருகிறதா, செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத அமைப்பு) விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். செக் எஞ்சின் விளக்கே எரியவில்லை என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வுக்கே மின்சாரம் போகவில்லை என்று கொள்ளலாம். அப்போது மெயின் ரிலே, அதன் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். அடுத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். பல கார்களில் அது சற்றே எழும். ஸ்கேனரின் நேரடித் தரவில் 150 முதல் 250 வரை எண் தெரிய வேண்டும். பூஜ்யமாகவே இருந்தால், எஞ்சின் சுற்றுவது ஈ.சி.யு.வுக்குத் தெரியவில்லை என்று பொருள்.

தீப்பொறியைச் சோதிக்க ஸ்பார்க் டெஸ்டரையே பயன்படுத்துங்கள். காயிலில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கிறது. வயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய வழக்கம் உங்களுக்கும் ஆபத்து, ஈ.சி.யு.வுக்கும் ஆபத்து.

என் கணிப்பைக் கேட்டால், எஞ்சின் சுற்றுவதை ஈ.சி.யு.வுக்குத் தெரிவிக்கும் கிராங்க் ஷாஃப்ட் சென்சாரின் சிக்னலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அந்த சிக்னல் இல்லாவிட்டால் பெரும்பாலான கார்களில் ஈ.சி.யு. தீப்பொறியையும் கொடுக்காது, இன்ஜெக்டரையும் திறக்காது. ஒரு முறைகூடப் பற்றவில்லை என்று நீங்கள் சொல்வதற்கு அது பொருந்துகிறது. எஞ்சினை நிறுத்தியதும் கூலண்ட் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால், பிளாக்கில் தேங்கிய சூடு அதை ஒட்டியுள்ள சென்சார்களுக்கும் வயர்களுக்கும் ஏறுகிறது. ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திய பிறகே அவை அதிகம் சூடாகின்றன. நீங்கள் சொல்லும் பத்து இருபது நிமிடக் கணக்கு அதனால்தான் வருகிறது. சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள் இருக்கும் எஞ்சினில் நான்கும் ஒரே நேரத்தில் செயலிழப்பது மிக அரிது என்பதால், இப்போதைக்குக் காயிலை மாற்ற வேண்டாம்.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் இரண்டு வாய்ப்புகளை விலக்கிவிட்டு மேலே செல்வது நல்லது. தேய்ந்த இக்னிஷன் சுவிட்சில், சாவி "ஸ்டார்ட்" நிலைக்குப் போகும்போது மட்டும் காயிலுக்கும் ஈ.சி.யு.வுக்கும் போகும் மின்சாரம் அறுந்துபோவதுண்டு. அப்படிப்பட்ட வண்டி, சாவியை விடும் கணத்தில் ஒரு முறை பற்ற முயலும். மற்றொன்று, சூட்டில் இன்ஜெக்டர் கசிந்து சிலிண்டரில் பெட்ரோல் மிகுந்துவிடுவது. அதற்கு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பல கார்களில் அந்த நிலையில் ஈ.சி.யு. பெட்ரோலை நிறுத்திவிடும். கருப்புப் புகையுடன் ஸ்டார்ட் ஆனால் காரணம் அதுதான். ஒரு பிளக்கைக் கழற்றி, நனைந்திருக்கிறதா உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதே விடையைத் தரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. குறை மீண்டும் வந்தபோது அனைத்தையும் பார்த்துவிட்டேன். பம்ப் ஓசை வருகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, இம்மொபிலைசர் விளக்கு உடனே அணைந்துவிடுகிறது. ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை, நேரடித் தரவிலும் பூஜ்யம். தீப்பொறி இல்லை, பிளக்குகள் உலர்ந்திருந்தன. ஆறிய பிறகு முள் எழுகிறது, தீப்பொறியும் வருகிறது.

சென்சார் இரண்டு வயர் கொண்டது. கனெக்டரைக் கழற்றி சென்சாரின் முனைகளில் அளந்தபோது குளிரில் 900 ஓம், ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் ஏறத்தாழ 1,100 ஓம் காட்டியது. சூட்டில் ஓம் ஏறியிருப்பதால் சென்சார் கெட்டுவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில் 1 எழுதியவர்

சற்றுப் பொறுங்கள். சென்சாருக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 20 டிகிரியில் 900 ஓம் உள்ள சுருள் 80 டிகிரியில் 1,100 ஓமை ஒட்டிக் காட்டுவது இயல்பு. அறுந்த சுருளாக இருந்தால் மீட்டர் எல்லையில்லாத் தடையைக் காட்டியிருக்கும். ஆகவே உங்கள் அளவு சென்சாரைக் குற்றவாளியாக்கவில்லை. வயரிங் மீதுதான் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்த முறை பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஈ.சி.யு. கனெக்டரை உருவி, சென்சாரைப் பூட்டிய நிலையிலேயே விட்டு, ஈ.சி.யு. பக்கத்துப் பின்கள் இரண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கும் அதே 1,100 ஓம் வர வேண்டும். மீட்டரைப் பார்த்தபடியே வயர் கட்டை வளைவுகளிலும் கிளாம்ப்புகளிலும் மெல்ல அசைக்க வேண்டும். எண் துள்ளும் இடத்தில்தான் குறை இருக்கிறது. பிறகு ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசியால் இன்சுலேஷனைக் குத்திச் சோதிக்காதீர்கள், அந்தத் துளை வழியே ஈரம் நுழைந்து புதிய குறையை உண்டாக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: மூன்று வயர் கொண்ட ஹால் வகைச் சென்சாரை ஓம் அளவில் சோதிக்கக் கூடாது, அதற்கு வரும் மின்னழுத்தம், எர்த், மாறிமாறி வரும் சிக்னல் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் ஈ.சி.யு. பக்கத்தில் அளந்தபோது தொடர்பே இல்லை. கியர்பாக்ஸுக்கு மேலே உள்ள கிளாம்ப்பை ஒட்டி வயர் கட்டை அழுத்தியதும் 1,100 வந்தது, விட்டதும் மறைந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வயரின் இன்சுலேஷன் இறுகிப்போய், உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்திருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது? பிழைக் குறியீடு ஏன் பதிவாகவில்லை என்பதும் புரியவில்லை.

பதில் 1 எழுதியவர்

முனைகளை முறுக்கி டேப் சுற்றுவது போதாது. பச்சை பூத்த பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனும் வெப்பம் தாங்கும் இன்சுலேஷனும் கொண்ட புதிய வயரை இணைத்து, பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடச் சொல்லுங்கள். இரண்டு வயர்களையும் இடம் மாற்றிவிடக் கூடாது. இவ்வகைச் சென்சாரில் அவை தலைகீழானால் சிக்னலும் தலைகீழாகி, டைமிங் பிசகும் அல்லது எஞ்சின் பற்றாமலே போகும். அவை ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால் அந்த முறுக்கையும், மேலே ஷீல்டு இருந்தால் அதன் எர்த்தையும் முன்பிருந்தபடியே விட வேண்டும். எஞ்சின் குலுங்கும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, எக்ஸாஸ்ட் பக்கமிருந்து விலக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

குறியீட்டைப் பொறுத்தவரை, கிராங்க் ஷாஃப்ட் சென்சார் குறையைக் குறிக்கும் பி0335 பதிவாக வேண்டுமானால் எஞ்சின் சுற்றுகிறது என்பதற்கு வேறொரு சான்று ஈ.சி.யு.வுக்குத் தேவைப்படும், பெரும்பாலும் கேம் ஷாஃப்ட் சென்சாரின் சிக்னல்தான் அந்தச் சான்று. அந்த ஒப்பீட்டைச் செய்யாத பழைய அமைப்புகளில், சிக்னல் வராதபோது எஞ்சின் நின்றிருப்பதாகவே ஈ.சி.யு. எடுத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, பதினைந்து இருபது நிமிடங்கள் பானெட்டைத் திறக்காமல் விட்டு, ஸ்கேனரில் ஆர்.பி.எம். எண்ணைப் பார்த்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வேறுவேறு நாட்களில் அந்த எண் தவறாமல் வந்தால் சென்சாரையோ காயிலையோ பம்பையோ மாற்றத் தேவையில்லை.