மறுமொழி: பாராசோம்னியா = துயில்மருள்?

> தூக்கக் கோளாறு என்றே சொல்லிவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

தூக்கக் கோளாறு பெரிய கூடை, ஐயா. தூக்கம் வராமல் புரள்வதும் அதில்தான், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதும் அதில்தான். நமக்கு வேண்டியது தூக்கத்தில் எழுந்து நடப்பது, வீரிட்டு அலறுவது, கனவில் வந்தவனை நிஜமாகவே உதைப்பது, இவற்றுக்கு மட்டுமான பொதுப்பெயர். ஆங்கிலத்தில் இவற்றைப் பாராசோம்னியா என்கிறார்கள், அதற்குத்தான் துயில்மருள் என்று சொல்லிப் பார்க்கிறேன். 1932இல் பிரெஞ்சு மருத்துவர் ஆன்ரி ரோஜே பாராசோம்னியா என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, 'பக்கம்' என்ற கிரேக்கச் சொல்லையும் 'தூக்கம்' என்ற லத்தீன் சொல்லையும் ஒட்டவைத்தார். அதை அப்படியே பெயர்த்துப் 'பக்கத்துயில்' என்றால் பக்கத்தில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். துயில்பிறழ்வும் வேண்டாம். மனப்பிறழ்வு என்று எழுதிப் பழகிவிட்டோம், எட்டு வயதுப் பிள்ளை தூக்கத்தில் நடக்கிறது என்று வரும் அம்மாவிடம் பிறழ்வு என்று எப்படிச் சொல்வது?

என் தம்பி அந்த வயதில் நள்ளிரவில் எழுந்து, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு நின்றுகொண்டிருப்பான். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் 'ம்' என்பான், காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை முழுதாக விழிக்காமல், நடக்க வைக்கும் பகுதி மட்டும் விழித்துக்கொள்வதால் வருவது இது. ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில்தான் மிகுதி, அதனால்தான் இது பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் நடக்கிறது. கனவை நடித்துக் காட்டுவது வேறு கதை. கண் விரைந்து அசையும் கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்க வேண்டும், அந்தப் பூட்டுக் கழன்றால் கையும் காலும் கனவோடு சேர்ந்து ஆடும். 1965இல் மிஷேல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் ஓரிடத்தைச் சிதைத்து இதைக் காட்டினார், 1986இல் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் மனிதர்களிடம் விவரித்தார்கள். இப்படி உதைப்பவர்களில் பலருக்குப் பல ஆண்டு கழித்துப் பார்க்கின்சன் நோய் வருவதால், பெயர் வைப்பது வெறும் சொல் விளையாட்டும் இல்லை. இதற்குக் 'கனவாட்டம்' என்று வைக்கலாம்.

தூக்கத்தில் நெஞ்சில் ஏறி அமுக்குவதாகச் சொல்வார்களே, அந்த அமுக்குவான் பேய் இதற்கு நேர் எதிர். விழித்துவிடுகிறோம், பூட்டு மட்டும் திறக்கவில்லை.

ஆக எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான்: தூக்கமும் விழிப்பும் பாதி பாதியாகக் கலந்துவிடுகின்றன. அதற்குத்தான் மருள். பகலும் இரவும் கலக்கும் மாலை, மருள்மாலை. வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடிவது மருட்பா. குறுந்தொகை 30ஆம் பாடலில் தலைவி பொய்க்கனா மருட்ட எழுந்து படுக்கையைத் தடவுகிறாள், அது பாதி விழிப்புத்தானே.

> மருள் என்றால் ஊரில் சாமி வந்து ஆடுவது. குழப்பம் வராதா?

வரும்தான். ஆனால் தன் நினைவில்லாமல் உடம்பு இயங்குவது என்ற பொருள் கேட்டதுமே விளங்குகிறதே, அதை ஏன் விட வேண்டும்? முன்னால் துயில் இருக்கிறது, போதும்.

உட்பிரிவுகளில் துயில்நடை, வீரிட்டு அலறுவதற்கான துயில்வெருட்சி இரண்டுக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அமுக்குவானுக்குத் துயில்வாதம் என்று ஒருவர் எழுதியிருந்தார், பக்கவாதம் என்று பயந்துவிடுவார்கள். துயிலமுக்கம் எனக்குப் பிடித்தது, ஆனால் இலங்கை நண்பர்களுக்கு அமுக்கம் என்றால் இரத்த அமுக்கமும் வங்கக்கடல் தாழமுக்கமும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் சொல்லட்டும்.

அப்புறம், புணர்ச்சி விதிப்படி துயின்மருள் என்றுதான் வரவேண்டும் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், தெரியும். தேடும்போது துயில் என்ற எழுத்துகள் கண்ணில் படட்டும் என்றுதான் விதியைக் கொஞ்சம் தூங்கவிட்டேன்.